வலி வரும்வரை காத்திருக்கலாமா?

(பல் சொத்தை பற்றித் தருமபுரி மாவட்டத் தம்பதியர் கூட்டத்திற்கான உரை)

 

காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. குடும்ப நலக் கூட்டம் என்றால் பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி, இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எண்ணியிருப்பீர்கள். இன்றைக்குப் பேசப் போவது பல்லைப் பற்றி.

"பல்லுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பல்வலி வந்த பிள்ளை சாப்பிடாது, தூங்காது, வீட்டில் மற்றவர்களையும் தூங்க விடாது. மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு. பல்வலியோடு இருக்கும் கர்ப்பிணி வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியாது. பல்லில்லாத பெரியவர் களியை விழுங்கலாம். கீரையையும் காயையும் கடலையையும் மென்று சத்தாகச் சாப்பிட முடியாது. ஒரு பல்லில் விழுகிற ஓட்டை குடும்பம் முழுவதையும் தொடுகிறது.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் ஏறத்தாழ 200 கோடி பேருக்கு நிலைப் பற்களில் சொத்தை இருக்கிறது. 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை. இத்தனை பேருக்கு வருகிற இந்த நோயைப் பெரும்பாலும் வராமலே தடுத்துவிடலாம்.

இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய செய்தி ஒன்றுதான். சொத்தை வலியோடு தொடங்குவதில்லை. வலி வரும்போது அது பாதிக்கு மேல் வேலையை முடித்திருக்கும். ஆகவே வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பல்லில் இருப்பது புழுவா?

"பல்லில் பூச்சி விழுந்துடுச்சு" என்று நாம் சொல்கிறோம். புகை போட்டுப் புழு எடுத்துக் காட்டுகிறேன் என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களும் உண்டு. பல்லில் புழு கிடையாது. அவர்கள் காட்டுவது உங்கள் பல்லிலிருந்து வந்ததே அல்ல. பல்லை அரிப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி.

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படிவு இருக்கும். அதில்தான் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் இனிப்புத் தின்றால் அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தை, அதாவது ஒரு புளிப்புத் திரவத்தை, வெளியே விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு முட்டை ஓட்டை எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டு வையுங்கள். உடனே நுரை கிளம்பும். ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ஓடு மெலிந்து துவண்டு போயிருக்கும். பல்லின் மேல் ஓடும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதுதான். அதை நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் என்று சொல்லலாம். ஆனால் தினம் தினம் அமிலம் பட்டால் அதுவும் தாங்காது.

இனிப்பு எவ்வளவு? எத்தனை தடவை?

கடவுள் நம் வாய்க்குள்ளேயே ஒரு மருந்தும் வைத்திருக்கிறார். அதுதான் உமிழ்நீர். கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தை அது மறுபடியும் பல்லில் ஏற்றுகிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரு தடவை இனிப்புத் தின்றால் பல் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ அரை மணி நேரமாவது ஆகும். சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். காலையில் சர்க்கரை போட்ட டீயும் வர்க்கியும். பத்து மணிக்கு ஒரு தேன் மிட்டாய். மதியம் ஐஸ். நாலு மணிக்கு மறுபடி டீ, பிஸ்கட். கடைக்குப் போன தாத்தா ஆசையாக வாங்கி வந்த ஜவ்வு மிட்டாய். படுக்கப் போகும்போது சர்க்கரை போட்ட பால். பல் எப்போது ஓய்வெடுக்கும்? உமிழ்நீர் எப்போது வேலை செய்யும்?

ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதையும் பாருங்கள். மிட்டாய் கொடுக்கத்தான் வேண்டுமா? சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் கொறிக்க விடாதீர்கள். இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரி, கொய்யாப்பழம் கொடுங்கள். பல்லில் ஒட்டிக்கொள்ளும் இனிப்புத்தான் மிகவும் மோசம்.

"நாங்க வெள்ளைச் சர்க்கரை போடறதில்லீங்க, வெல்லம்தான், கருப்பட்டிதான்" என்பார்கள். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாம் ஒன்றுதான். பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது. நாலு டீ குடிக்கிறவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் கவனியுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு வீட்டு உணவு. சர்க்கரைப் பால் நிரப்பிய புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது குறைந்துவிடும். இரவு முழுவதும் அந்த இனிப்பு முன்பற்களில் தங்கி, ஒன்றரை வயதிலேயே பற்கள் கறுத்து முளையாகிப் போய்விடும். அழுகிற குழந்தைக்குச் சூப்பானில் தேன் தடவிக் கொடுப்பதும் வேண்டாம். சோற்றைத் தாயோ பாட்டியோ மென்று ஊட்டுவதும் வேண்டாம். அவர்கள் வாயிலுள்ள சொத்தைக் கிருமி குழந்தையின் வாய்க்குப் போய்விடும்.

பால் பல்லும் ஆறு வயதுப் பல்லும்

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்கள் வந்துவிடுகின்றன. பால் பல்லைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

மனைவி சொல்கிறாள்: "என்னங்க, சின்னவளுக்குக் கடைவாய்ப் பல்லுல ஓட்டை தெரியுது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா?"

கணவர்: "வலிக்குதான்னு கேளு."

"இல்லீங்க. சோறு மாட்டிக்குதுன்னு மட்டும் சொல்றா."

மாமியார்: "பால் பல்லுதானே அம்மணி? விழுந்து மொளைக்கும். அதுக்குப் போயி ஒரு நாள் கூலியை விடுவாங்களா?"

இதில் யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கணக்குத் தவறுகிறது.

முதலாவது, பால் பல் என்றாலும் அது சும்மா வந்து போகிற பல் அல்ல. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுகின்றன. கடைவாய்ப் பால் பற்களோ பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அத்தனை ஆண்டுகள் குழந்தை மென்று சாப்பிடுவது அவற்றால்தான். கீழே முளைக்கப் போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் பல் கோணலாக வரும். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லும் கெடலாம்.

இரண்டாவது, மிக முக்கியமானது. ஏழு வயதுப் பெண்ணின் கடைவாயில் ஓட்டை விழுந்திருக்கும் அந்தப் பல் பால் பல்தானா? ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே அவை வருகின்றன. அதனால் பெற்றோர்கள் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அவை சாகும்வரை இருக்க வேண்டிய நிலைப் பற்கள். ஒரு தடவை போனால் மறுபடி முளைக்காது. அவற்றின் மேல்பகுதியில் பள்ளமும் வரியுமாக இருப்பதால் சோறு தங்கி, சீக்கிரமாகச் சொத்தை விழுவதும் அவற்றில்தான்.

உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்று வீட்டுக்குப் போனதும் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசிப் பல் புதிதாக, பெரிதாக இருக்கிறதா? அதுதான் அந்தப் பல். அதன் பள்ளங்களைப் பல் மருத்துவர் ஒரு பசை போன்ற மருந்தால் மூடிவிட முடியும். ஊசி இல்லை, வலி இல்லை.

சொத்தையின் நான்கு படிகள்

சொத்தை ஒரே நாளில் விழுவதில்லை. படிப்படியாக இறங்குகிறது. எந்தப் படியில் பிடிக்கிறோமோ அதற்கேற்றபடி வைத்தியமும் சுலபமாகவோ கஷ்டமாகவோ ஆகிறது.

முதல் படி: ஈற்றோரமாகச் சுண்ணாம்பு தடவியது போல் ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை, ஓட்டை இல்லை. இந்த நிலையில் ஒழுங்காகத் துலக்கி, இனிப்பைக் குறைத்து, மருத்துவர் புளூரைடு மருந்து பூசினால் பல் திரும்பவும் கெட்டிப்படும். தானே திரும்பக் கூடிய படி இது ஒன்றுதான்.

இரண்டாம் படி: சின்ன ஓட்டை. கறுப்பாகத் தெரியும், சோறு மாட்டும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். இனி அது தானாக மூடாது. ஆனால் சுத்தம் செய்து சிமெண்ட் அடைத்துவிட்டால் பல் பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரே நாள் வேலை. மெஷின் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்குக் கைக்கருவியாலேயே சுரண்டி எடுத்து அடைக்கும் முறையும் உண்டு. வெள்ளிச் சத்து கலந்த ஒரு மருந்தைச் சொத்தையில் தடவி, அது மேலும் பரவாமல் நிறுத்துவதும் உண்டு. பல் அந்த இடத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் சொத்தை நின்றுவிடும்.

மூன்றாம் படி: சொத்தை பல்லின் நடுவிலுள்ள நரம்பைத் தொட்டுவிட்டது. இராத்திரியில் விண் விண் என்று தெறிக்கும். இப்போது வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும். பல நடை நடக்க வேண்டி வரலாம். செலவும் கூடும்.

நான்காம் படி: வலி திடீரென்று நின்றுவிடுகிறது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்கிறோம். சரியாகவில்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது. கிருமி வேர் வழியாகத் தாடை எலும்புக்கு இறங்குகிறது. கொஞ்ச நாளில் ஈற்றில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம். இந்தப் படியில் பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமம், கண் ஓரம் வீங்குகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். மாத்திரை வலியை அடக்கும், ஓட்டையை அடைக்காது. கிராம்புத் தைலம் வைத்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம். அதுவே வைத்தியம் ஆகாது. வலிக்கும் பல்லில் புகையிலை அடக்குவது மிகவும் கெடுதல். வலி மரத்துப் போகும். புகையிலைப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வாய்ப் புற்றுநோய்க்கு அது வாசல். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் ஆண் பெண் யாராயினும் உடனே காட்ட வேண்டும்.

"மேல் பல்லைப் பிடுங்கினா கண் போயிடுமாமே?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடித்தபடி இருக்கவேண்டும். அன்று முழுவதும் காறித் துப்புவதும் பீடி பிடிப்பதும் கூடாது.

கர்ப்பிணிப் பெண்களுக்கு

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பல் கெடுவது இயற்கை என்று சொல்வதுண்டு. அது உண்மை அல்ல. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குகிறது, இரத்தம் கசிகிறது, பயந்து துலக்காமல் விடுகிறார்கள். மசக்கை வாந்தியின் புளிப்புப் பல்லில் படுகிறது. அடிக்கடி எதையாவது கொறிக்கிறார்கள். காரணம் இவைதான்.

வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் போடாதீர்கள். முதலில் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். ஈற்றில் இரத்தம் வந்தாலும் மென்மையான பிரஷ்ஷால் துலக்குவதை நிறுத்தாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது பல் வைத்தியம் செய்யலாமா? செய்யலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை மிகவும் வசதியான காலம். வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. எத்தனை மாதம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கணவர்மார்களே, "பிரசவம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். கைக்குழந்தையோடு அவர் பல் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

துலக்கும் முறை

காலையில் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு தடவை. ஒரு தடவைதான் முடியும் என்றால் இரவு வேளையை விடாதீர்கள். செங்கல் பொடி, கரி, சாம்பல், மணல் எல்லாம் பல்லைத் தேய்த்து மெலிய வைத்துவிடும். வேப்பங்குச்சியை நன்றாக மென்று மெத்தென்று ஆக்கித் தேய்த்தால் படிவு போகும். ஆனால் சொத்தையைத் தடுக்கும் புளூரைடு அதில் இல்லை. ஆகவே புளூரைடு கலந்த பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துக்கொள்வது நல்லது. முன்னும் பின்னும் கடைவாயுமாக இரண்டு நிமிடம். பிரஷ் நார் விரிந்துவிட்டால், அல்லது மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, மாற்றிவிடுங்கள்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுங்கள். ஏழு, எட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தானாகச் சுத்தமாகத் துலக்க வராது. பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். அம்மா அடுப்படியில் இருக்கும் நேரத்தில் அப்பா இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையை மடியில் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து துலக்கிவிட்டால் கடைவாய் வரை நன்றாகத் தெரியும்.

நம் மாவட்டத்துத் தண்ணீர்

நம் தருமபுரிப் பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. பல ஊர்களில் போர் தண்ணீரில் புளூரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. பல் உள்ளே உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் வரும். அது சொத்தை அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிள்ளையைத் திட்டாதீர்கள். நீண்ட காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும்.

"அப்படீன்னா புளூரைடு பேஸ்ட் எதுக்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பல்லின் மேலே பட்டுத் துப்பிவிடுகிற புளூரைடு நல்லது. வயிற்றுக்குள் அளவு மீறிப் போவதுதான் கெடுதல். அதனால்தான் அரிசி அளவு, பட்டாணி அளவு என்று சொன்னேன். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி, காவிரித் தண்ணீர் நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் வருகிறது. அந்தத் தண்ணீர் வரும் ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரை மாட்டுக்கும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள், மாட்டுக்கும் அது கெடுதல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே போவது?

அரசு மாவட்ட மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் இருக்கிறார். எந்த நாள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். 2013 முதல் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை அலமாரியில் வைத்துவிடாமல், அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

முடிவாக, இவற்றை மறக்காதீர்கள்:

இரவு துலக்காமல் யாரும் படுக்க வேண்டாம்.

இனிப்பு சாப்பாட்டோடு மட்டும், இடையில் வேண்டாம்.

புட்டிப் பாலோடு குழந்தையைத் தூங்க வைக்க வேண்டாம்.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லைத் தேடிப் பாருங்கள்.

ஓட்டை தெரிந்தால் வலிக்காக் காத்திராமல் அடைத்துவிடுங்கள்.

வலி நின்றால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள்.

முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை.

மாதம் ஒரு நாள், கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டிலுள்ள எல்லார் வாயையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். தாத்தா பாட்டியையும் விட வேண்டாம். அதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். கால் மணி நேரம் போதும். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள்.